பெயருக்குச் சொந்தக்காரி

அன்றைக்குக் காலையில் ஆரிஃபாவின் போனில் ஒரு ஆர்டர்கூட விழவில்லை. வழக்கமாக ஒன்பது மணிக்குள் பதினைந்து இருபதாவது வந்துவிடும். உப்புக் கொட்டகையில் மலர்கொடி பாக்கெட் ஒட்டுகிற மெஷினைச் சூடாக்கி வைத்துக்கொண்டு, "இன்னா பாயம்மா, இன்னிக்கு லீவா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். நெட் போயிருக்கும் என்று ஆரிஃபா போனை அணைத்துப் போட்டாள். அப்போதுதான் அந்த மெயில் கண்ணில் பட்டது. 'ஆரிஃபா கல்லுப்பு' விற்பனைப் பக்கம் நீக்கப்பட்டுவிட்டதாம். அந்தப் பிராண்டின் உரிமையாளர் புகார் கொடுத்திருக்கிறாராம். அவருடைய அனுமதி இல்லாமல் அவருடைய பெயரில் இனி எதையும் விற்கக் கூடாதாம்.

உரிமையாளராம்! ஆரிஃபா தன் ஆதார் அட்டையைத் தவிர வேறு எதற்கெல்லாம் உரிமையாளர் என்று யோசித்துப் பார்த்தாள். ஆதாரிலும் ஆரிஃபாதான், ரேஷன் கார்டிலும் ஆரிஃபாதான், நிக்காஹ் புத்தகத்திலும் அதே ஆரிஃபாதான். இந்தப் பெயருக்கு வேறு எவன் உரிமையாளர்?

தேடினாள். முதல் பக்கத்திலேயே அகப்பட்டான். அவள் போட்ட அதே நீல எழுத்து. அவள் எடுத்த அதே உப்பு அம்பாரத்துப் படம். 'பாத்தியிலிருந்து நேராக உங்கள் அடுப்படிக்கு' என்று ஒரு ரமலான் மாதத்தில் நோன்போடு உட்கார்ந்து யோசித்து அவள் எழுதிய அதே வரி. ஆரிஃபா சால்ட் என்று வெப்சைட் முகவரிகூட வாங்கி வைத்திருந்தான். எல்லாவற்றுக்கும் கீழே சின்ன எழுத்தில், பக்கீர் அண்ட் சன்ஸ், மரக்காணம்.

பக்கீர் முஹம்மது அந்த வட்டாரத்தில் பெரிய உப்பு மண்டிக்காரர். உப்புப் பாத்தி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவருக்குத்தான் உப்புப் போடுகிறார்கள். அவருடைய மகன் ஷஃபி மெட்ராஸில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்தவன். தெருவில் பார்த்தால் ஆரிஃபாக்கா, ஆரிஃபாக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன். அவன்தான் வேலையைக் காட்டியிருக்கிறான்.

அவளும் சும்மா கிடைத்த பெயரை வைத்துக்கொண்டு ஆடவில்லை. புருஷன் அதீப் ஷார்ஜாவில். அனுப்புகிற பணத்தில் வீட்டோடு கிட என்று எல்லோரும் சொன்னபோது, 2018இல் அர்ச்சுனனுடைய உப்பளத்தில் உப்பு எடுத்து, கழுவி, காயவைத்து, மண்ணும் சிப்பியும் பொறுக்கி, அயோடின் தெளித்து, ஒரு கிலோ பாக்கெட்டாகவும் மொத்த வியாபாரத்துக்கு மூட்டையாகவும் போட ஆரம்பித்தாள். பை அச்சடிக்கிறவன் என்ன பெயர் போட வேண்டும் என்று கேட்டான். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை, தன் பெயரையே சொன்னாள். ஊறுகாய் போடுகிற பெண்கள், கருவாட்டுக்காரர்கள், ஹோட்டல்காரர்கள் என்று எங்கெங்கோ இருப்பவர்கள் அந்தப் பெயரைத் தேடி வாங்கினார்கள். அந்தப் பெயர் போய்விட்டால் அவள் கையில் மிஞ்சுவது மரக்காணத்தில் எல்லோர் கையிலும் இருக்கிற வெறும் உப்புதான். அதற்கு யாரும் ஆரிஃபாவைத் தேடி வர வேண்டியதில்லை.

போட்டிருந்த புர்காவோடு நேரே ஈ.சி.ஆர். ரோட்டில் இருக்கும் மண்டிக்குப் போனாள். ஷஃபி ஏ.சி. ரூமில் இருந்தான். எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டான், டீ சொன்னான். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அவள் கேட்டதற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று ஒத்துக்கொண்டான். போன வருஷமே டிரேட்மார்க்குக்கு விண்ணப்பம் போட்டுவிட்டானாம். விண்ணப்பத்தைக் காட்டித்தான் ஆன்லைன் கம்பெனியிலும் பிராண்டைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டானாம். எல்லாம் சட்டப்படிதானாம்.

"ஒலகத்துல நீங்க ஒருத்திதான் ஆரிஃபாவா, அக்கா? எங்க சாச்சி பொண்ணு பேருகூட ஆரிஃபாதான். டென்ஷன் ஆவாதீங்க. நீங்க எப்பவும் போல பேக் பண்ணிக் குடுங்க, எங்க பேர்ல நாங்க வித்துக்கறோம்."

எங்க பேரு. அந்த வார்த்தையைக் கேட்டதும் ஆரிஃபா டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். இன்னும் ஒரு நிமிஷம் இருந்தால் அந்த டீ அவன் சட்டையில்தான் போயிருக்கும்.

ஷார்ஜாவில் அதீப்புக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டாள். அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, பக்கீர் மாமுவைப் பகைத்துக்கொண்டு அந்த ஊரில் வியாபாரம் பண்ண முடியாது, விட்டுத் தள்ளு என்றான். பெயர்தானே, மகள் பெயரை வைத்துத் தமன்னா உப்பு என்று போட்டுக்கொள்ளலாம், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்றான்.

"நாளைக்கு அதையும் எவனாவது எழுதி வாங்கிக்கிட்டா, அப்புறம் யாரு பேரை வெக்கறது?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தாள். பெயர்தானே! ஆறு வருஷம் உப்பில் நின்று அவள் கால் வெடித்தது அதீப்புக்கு என்ன தெரியும்?

அர்ச்சுனனுக்குச் சொந்த ஊர் பெருமுக்கல். பாத்திகள் மரக்காணத்தில். அவருடைய மகள் சரண்யா திண்டிவனத்தில் வக்கீல். பாகப்பிரிவினையும் செக் கேஸுமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஆரிஃபாவுக்காக இரண்டு நாள் உட்கார்ந்து டிரேட்மார்க் சட்டத்தைப் புரட்டினாள். மூன்றாம் நாள் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியிலிருந்த தன் ஆபீஸுக்கு வரச் சொன்னாள்.

ஆரிஃபா ஒரு பை நிறையக் காகிதம் கொண்டுபோயிருந்தாள். உணவு லைசென்ஸில் ஆரிஃபா சால்ட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஜி.எஸ்.டி.யிலும் அதே பெயர். கவர்மென்ட்டே கொடுத்திருக்கும்போது இவன் யார் என்றுதான் அவள் இத்தனை நாளும் நிம்மதியாக இருந்தாள். சரண்யா இல்லையென்று தலையை ஆட்டினாள். உணவு லைசென்ஸ் உப்பு விற்கத்தான், ஜி.எஸ்.டி. வரி கட்டத்தான், இரண்டும் பெயரைக் காப்பாற்றாது, பெயருக்குத் தனியாகப் பதிய வேண்டும் என்று விளக்கினாள். ஆனால் பதியாவிட்டாலும் முதலில் அந்தப் பெயரில் விற்றவருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஷஃபியின் விண்ணப்பம் இன்னும் பதிவாகவில்லை, கவர்மென்ட் போடுகிற டிரேட்மார்க் ஜர்னலில் மட்டும் வந்திருக்கிறது. வந்த நாளிலிருந்து நாலு மாசத்துக்குள் எதிர்ப்பு மனு போட வேண்டும். அதில் இன்னும் பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

ஜர்னலாம். உப்பளத்தில் நிற்கிறவள் எந்தக் காலத்தில் ஜர்னல் படித்தாள்? அவள் பெயரை இன்னொருத்தனுக்குக் கொடுக்கப் போகிறோம் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாத சட்டத்தின் மேலும் ஆரிஃபாவுக்கு ஆத்திரம் வந்தது.

ஷஃபி 2017 ஜூன் முதல் அந்தப் பெயரில் விற்பதாக உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்திருந்தான். அவள் தொடங்கியதற்கு ஒரு வருஷம் முந்தின தேதியாகப் பார்த்துப் போட்டிருக்கிறான். ஆதாரமாக ஒரு போட்டோ. லாரியில் மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன, எல்லாவற்றிலும் ஆரிஃபா என்று நீல எழுத்து. சரண்யா படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினாள். மூட்டையின் அடியில் லைசென்ஸ் நம்பர். அந்தப் பதினாலு இலக்கமும் ஆரிஃபாவுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

"இது எங்க பை!" என்றாள். சிரிப்பே வந்துவிட்டது அவளுக்கு. திருடின பையையே சாட்சிக்கு வைத்திருக்கிறானே, மடையன்.

சரண்யா சிரிக்கவில்லை. "உங்க பை எப்பிடி அவங்க லாரிக்குப் போச்சு? திருடிட்டாங்களா?"

ஆரிஃபாவின் சிரிப்பு அதோடு நின்றது. யாரும் திருடவில்லை. அவளேதான் கொடுத்தாள். மரக்காணத்து உப்புக்காரர்களுக்குள் அது ஒரு பழக்கம். லாரி வந்து நிற்கும், மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வரும், அச்சடித்த பை தீர்ந்துபோயிருக்கும், பாண்டிச்சேரியிலிருந்து புதுப் பை வர நாலு நாளாகும். அந்த நேரத்தில் பக்கத்துக் கொட்டகைக்காரனிடம் கைமாற்றாகப் பை வாங்கிக் கட்டி அனுப்பிவிடுவார்கள். யார் பெயர் போட்ட பை என்று யாரும் பார்ப்பதில்லை. வாங்குகிற மொத்த வியாபாரிக்கு உப்பு யாருடையது என்று தெரியும். தங்கள் பை வந்ததும் வாங்கின அளவுக்கு, கொடுத்தவர் பெயரிலேயே காலிப் பை அச்சடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பக்கீர் மண்டிக்கு மட்டுமில்லை, கண்ணாயிரம், சேட்டு, அர்ச்சுனன் என்று அவள் பை போகாத கொட்டகை இல்லை. இல்லையென்று சொல்கிறவர்களைத்தான் ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும்.

அவன் இதைத்தான் பிடித்துக்கொள்வான் என்றாள் சரண்யா. இது ஒருத்தியின் பெயர் இல்லை, மரக்காணத்து வியாபாரிகள் எல்லோரும் போட்டுக்கொள்கிற பெயர், நான்தான் முதலில் பதிந்தேன் என்பான். பையில் அவள் லைசென்ஸ் நம்பர் இருப்பது நல்லதுதான், ஆனால் அவளாகவே ஊருக்கெல்லாம் கொடுத்தாள் என்பது அதைவிடப் பெரிய ஓட்டை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஆரிஃபாவுக்குத் தன் மேலேயே கோபம். அப்புறம் அது எதற்குத் தன் மேல் என்று அதுவும் ஒரு கோபம். மழை வருகிறது, உப்பு கரையப்போகிறது, பை இருந்தால் கொடு என்று ஒருவன் ஓடி வந்து நிற்கிறான். அவனிடம் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டா பை கொடுப்பார்கள்? அப்படிக் கேட்டிருந்தால் இதே ஷஃபிதான் முதலில் சிரித்திருப்பான். உதவி பண்ணினவள் ஏமாளி, வாங்கித் தின்றவன் உரிமையாளர். நல்லா இருக்குது நியாயம்!

மறுநாள் உப்பளத்தில் வைத்து அர்ச்சுனனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் உப்பு வாருகிற வாருபலகையை வரப்பில் சாய்த்துவிட்டு யோசித்தார். வக்கீலுக்கு அப்பனாக இருந்தாலும் அவருக்குச் சட்டம் தெரியாது, உப்புதான் தெரியும்.

"ஏம்மா, பை கேக்கறப்ப நாங்க எப்பிடிக் கேப்போம்? ஆரிஃபா பை இருக்குதா, ஆரிஃபா பை குடுன்னுதானே கேப்போம்? எவனாவது எங்க பையைக் குடுன்னு உன்கிட்ட கேட்டிருக்கானா?"

ஆரிஃபா அந்த வெயிலிலேயே வரப்பில் உட்கார்ந்து போனை எடுத்தாள். பை கேட்டு நேரில் ஓடி வந்தவர்கள் குறைவு, பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ்தான். அவளோ எதையும் அழிக்கிற ஆள் இல்லை. போன் நிரம்பிவிட்டது, அழித்துத் தொலையுங்கள் என்று தமன்னா கத்தாத நாள் கிடையாது. மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். 2022 மார்ச்சில் அகப்பட்டது. ஷஃபியின் குரல், மூச்சிரைக்கிற அவசரத்தோடு:

"அஸ்ஸலாமு அலைக்கும், ஆரிஃபாக்கா. வேலூர் லாரி வந்து நிக்குது, எங்க பை இன்னும் பிரிண்ட் ஆவல. உங்க பை ஒரு முந்நூறு குடுங்க. பார்ட்டிகிட்ட சொல்லிட்டேன், பை ஆரிஃபாக்கா கம்பெனி, உப்பு மட்டும் எங்களுதுன்னு."

அர்ச்சுனன் இன்னொரு தடவை போடச் சொன்னார். இரண்டாம் தடவை கேட்டுவிட்டு, தானும் அவளிடம் வாங்கித்தான் கட்டினேன், அது அவள் பெயர்தான் என்று எங்கே வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன் என்றார். எழுதியும் கொடுத்தார். கண்ணாயிரமும் சேட்டும் கொடுக்கவில்லை. பக்கீர் பாய்க்கு உப்புப் போடுகிறோம், எங்களை இதில் இழுக்காதே என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவள் பையில் மழைக்கு முன்னால் உப்பைக் காப்பாற்றிக்கொண்ட கைகள்தான் அவை. இரண்டு பேரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்தாள்.

கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது சரண்யா எதிர்ப்பு மனுவைப் போட்டுவிட்டாள். ஆனால் அதனால் விற்பனைப் பக்கம் திரும்பி வரவில்லை. ஆன்லைன் கம்பெனிக்காரர்கள் ஒரே பாட்டைப் பாடினார்கள். புகார் கொடுத்தவர் வாபஸ் வாங்க வேண்டும், இல்லையென்றால் கோர்ட் உத்தரவு வேண்டும். கேஸ் முடிய வருஷக்கணக்கில் ஆகலாம். அதுவரைக்கும் அவள் பெயரில் ஷஃபி விற்றுக்கொண்டிருப்பான், அவள் வேடிக்கை பார்க்க வேண்டும். அவன் மண்டியில் கழுவுவதும் கிடையாது, பொறுக்குவதும் கிடையாது. பாத்தியின் அடியில் சுரண்டின உப்பை அப்படியே அள்ளிப் பாக்கெட்டில் போடுகிறான் என்று மலர்கொடி கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

எதிர்ப்பு மனுவின் நகல் மண்டிக்குப் போய்ச் சேர்ந்த வாரமே பக்கீர் முஹம்மது ஆள் அனுப்பினார். நமக்குள் எதற்குக் கோர்ட்டு, பேசி முடித்துக்கொள்ளலாம், லுஹர் தொழுகைக்கு அப்புறம் வரச் சொல் என்றாராம். ஆரிஃபா அர்ச்சுனனைக் கூட்டிக்கொண்டு போனாள். சரண்யாவிடம் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். மண்டியின் முன்கட்டில் கண்ணாயிரமும் சேட்டும் இன்னும் நாலைந்து பாத்திக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவரே கூப்பிட்டு உட்கார வைத்திருப்பார் போலிருக்கிறது, சமாதானத்துக்குச் சாட்சியாக.

பெரியவர் நல்ல வார்த்தையில்தான் ஆரம்பித்தார். இரண்டு குடும்பமும் ஒரே ஜமாத், அவள் வாப்பாவும் தானும் ஒரே வகுப்பு, பையன் ஏதோ ஆன்லைனில் புதுசாகச் செய்கிறான், நாலு பேர் பிழைக்கட்டுமே என்றார். ஆரிஃபா போனை அவர் முன்னால் மேஜையில் வைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டிப் போட்டுவிட்டாள். மூச்சிரைக்கிற அந்தக் குரல் முன்கட்டு முழுக்கக் கேட்டது. பை ஆரிஃபாக்கா கம்பெனி, உப்பு மட்டும் எங்களுது. கண்ணாயிரம் தரையைப் பார்த்தார்.

அடுத்து சரண்யா எடுத்துக் கொடுத்திருந்த உறுதிமொழிப் பத்திரத்தை வைத்தாள். 2017 முதல் இது எங்கள் பெயர் என்று சத்தியம் செய்து ஷஃபி போட்ட கையெழுத்து அதில் இருந்தது. பக்கீர் முஹம்மது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியைப் பார்த்தார். ஆன்லைன் அவருக்குத் தெரியாது. ஆனால் சத்தியம் என்றால் என்ன என்று தெரியும்.

"டேய், சத்தியம் பண்ணியா இதை எழுதிக் குடுத்த?"

ஷஃபி, அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டி வாப்பா, ஆடிட்டர் எழுதிக் கொடுத்தார், எல்லோரும் இப்படித்தான் என்றான். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாபஸ் வாங்கு என்று மட்டும் சொன்னார்.

ஷஃபி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு லேப்டாப்பில் தட்டினான். தட்டி முடித்துத் திரையை அவள் பக்கம் திருப்பினான். ஆங்கிலத்தில் இரண்டே வரி. எங்கள் பிராண்டான ஆரிஃபாவின் பெயரில் இவர் விற்பதற்கு எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. புகாரை வாபஸ் பெறுகிறோம். முன்கட்டில் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். சேட்டு டீ சொல்லலாமா என்றுகூடக் கேட்டார்.

ஆரிஃபா அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். போனில் சரண்யாவுக்கும் படித்துக் காட்டினாள். அதை அனுப்ப விடாதீங்க, அந்தப் பெயர் அவர்களுடையது என்று நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றாள் சரண்யா. அதை அவள் சொல்லித்தான் ஆரிஃபாவுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. இவ்வளவு பேர் நடுவில், அவன் குரலே அவனைக் காட்டிக்கொடுத்த பிறகும், அவனுக்குப் பெருந்தன்மை வேண்டியிருக்கிறது.

"யாரு பேருக்குடா யாரு ஆட்சேபணை இல்லன்னு சொல்றது?" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனை டா போட்டாள். "அழி. எல்லாத்தையும் அழி. நான் சொல்றதை எழுது."

ஷஃபி தகப்பனைப் பார்த்தான். தகப்பன் அவனைப் பார்க்கவில்லை. அழித்தான்.

அவள் தமிழில் சொல்லச் சொல்ல அவன் ஆங்கிலத்தில் அடித்தான், சரண்யா போனில் வார்த்தை வார்த்தையாகச் சரிபார்த்தாள். இந்தப் பெயர் ஆரிஃபாவுடையது. நாங்கள் அவரிடம் பை கைமாற்றாக வாங்கினோம். எங்களுக்கு இதில் எந்தக் காலத்திலும் உரிமை இருந்ததில்லை. புகாரையும் டிரேட்மார்க் விண்ணப்பத்தையும் திரும்பப் பெறுகிறோம், வெப்சைட் முகவரியை அவருக்கு மாற்றித் தருகிறோம். முடித்ததும் அனுப்பும் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனான்.

"இரு. தமிழ்ல படி. இவங்க எல்லாருக்கும் கேக்கட்டும்."

படித்தான். கைமாற்று என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது. அங்கிருந்து மறுபடியும் படிக்கச் சொன்னாள். படித்துவிட்டு அனுப்பினான்.

பக்கீர் முஹம்மது, "இப்ப திருப்தியாம்மா?" என்றார்.

"இல்ல மாமு. எம் பேரை நான் வாங்கறதுக்கு உங்க கடை வாசல்ல வந்து நிக்க வேண்டியதாப் போச்சு. இதுல எனக்கு என்னா திருப்தி?"

மூன்றாம் நாள் விற்பனைப் பக்கம் திரும்பி வந்தது. ஷஃபியின் பக்கத்தை மூடிய ஆன்லைன் கம்பெனிக்காரர்கள், இரண்டும் ஒரே பிராண்ட் என்று அதிலிருந்த விமர்சனங்களையும் அள்ளி அவள் பக்கத்திலேயே கொட்டியிருந்தார்கள். நாலே முக்கால் ஸ்டார் இருந்த இடத்தில் மூன்றேகால். கோயம்புத்தூரில் ஆறு வருஷமாக அவளிடம் வாங்குகிற ஊறுகாய்க்காரம்மா எழுதியிருந்தாள்: 'ஆரிஃபா உப்பு முன்ன மாதிரி இல்லை. மண் கடிக்கிறது. முப்பது கிலோ மாங்காய் வீணாப் போச்சு. பேரை நம்பி வாங்கினேன்.' அதே போல இன்னும் நூற்று நாற்பத்தொன்று. அழிக்கச் சொல்லி எழுதிக் கேட்டாள். வாங்கினவர்கள் எழுதியதை அழிக்க முடியாது, வேண்டுமானால் பதில் போடலாம் என்று பதில் வந்தது.

கொட்டகை வாசலில் நின்று ஷஃபியை, அவன் ஆடிட்டரை, அந்தக் கம்பெனியை எல்லாம் வாயில் வந்தபடி திட்டித் தீர்த்தாள் ஆரிஃபா. மலர்கொடி கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டி முடித்ததும் ஆரிஃபா ஒரு காலி மூட்டையை விரித்துப் போட்டு உட்கார்ந்து, கோயம்புத்தூர் அம்மாவுக்கு எழுத ஆரம்பித்தாள். 'நான் ஆரிஃபா எழுதுகிறேன். நீங்கள் வாங்கியது என் உப்பு இல்லை, அதில் பெயர் மட்டும்தான் என்னுடையது. விலாசம் அனுப்புங்கள். உப்பும் நான் அனுப்புகிறேன், மாங்காய்க்கும் நான் பொறுப்பு.' அனுப்பிவிட்டு அடுத்ததைத் திறந்தாள்.